மேசைக்கு இந்தாண்ட

அவருக்குப் பேச்சு வராது என்றுதான் எங்கள் தபால் ஆபீசில் முதலில் எல்லோரும் நினைத்தோம். நான் கம்பைநல்லூருக்குக் கிளார்க்காக வந்த மறு வருஷம் அது. எழுபதாக இருக்கலாம். கவுண்டருக்கு முன்னால் நெட்டையாக ஒருவர் வந்து நின்றார். நாற்பத்தைந்து வயது மதிக்கலாம். கழுத்துப் பட்டன் வரைக்கும் போட்ட முழுக்கைச் சட்டை, நன்றாக வாரிய தலை.

"என்ன வேணுங்க?" என்று கேட்டேன்.

அவர் வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை. கை சட்டைப்பைக்குள் போனது. உள்ளே ஜெபமாலை மணிகள் உரசுகிற சத்தம் எனக்குக் கேட்டது. பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்ததும் ஒதுங்கி வழிவிட்டார். கூட்டம் குறைந்ததும் மறுபடி வந்தார். மறுபடி அதே கதை. இப்படி மூன்று நாள்.

நாலாம் நாள், தபால் கட்டுகிற பேக்கர் லீவு என்பதால் வெளியில் இருந்த தபால் பெட்டியைத் திறக்க நானே போனேன். அவர் பின்னாலேயே வந்தார்.

"சார், மலேசியாவுக்குப் போடற ஏரோகிராம் ஒண்ணு வேணுங்க. வூட்டுக்காரியும் புள்ளைங்களும் அங்க இருக்காங்க. வந்து சேந்துட்டேன்னு ஒரு வரி எழுதணும்."

"இத மூணு நாளா உள்ள கேக்கறதுக்கு என்னங்க?"

"நீங்க மேசைக்கு அந்தாண்ட உக்காந்திருக்கறீங்க. எனக்கு வராதுங்க. இந்தாண்ட வந்துட்டீங்கன்னா பேசிருவேன்."

கேலி செய்கிறாரோ என்று பார்த்தேன். இல்லை. கால் வலி என்று சொல்கிற மாதிரித்தான் சொன்னார். அன்றிலிருந்து அவர் வந்தால் நான் எழுந்து வெளியே பெஞ்சுக்குப் போய்விடுவேன். போஸ்ட் மாஸ்டர் முதலில் முறைத்தார், பிறகு விட்டுவிட்டார்.

ஊரில் எல்லோரும் அவரை மலேயாக்காரர் என்றார்கள். பிறந்தது இங்கேதான், கம்பைநல்லூரிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு கோயில் ஊரில். கோயில் என்றால் மாதா கோயில். பன்னிரண்டு வயதில் சித்தப்பாவோடு கப்பலேறியவர். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினார். கல்யாணம் அங்கே, மூன்று பிள்ளைகள் அங்கே. பெரியவள் பெண், நடுவில் ஒரு பையன், கடைசிப் பையனுக்கு அவர் திரும்பி வரும்போது நாலு வயது. இங்கே அண்ணன் வீட்டுக்குப் பின்பக்கம் ஓர் அறையில் தங்கிக்கொண்டு, புளி மண்டியில் வேலைக்குச் சேர்ந்தார்.

மண்டியில் மூட்டை ஏற்றும்போது அவர் மலாயில் எண்ணுவார். "சாத்து, துவா, தீகா, அம்பாட், லீமா." கேட்டுக் கேட்டு மற்ற ஆட்களும் அப்படியே எண்ண ஆரம்பித்தார்கள். லாரிக்காரர்கள் இது என்ன பாஷை என்று விழிப்பார்கள். அவருக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். கோழியை விரட்டினாலும் மலாய்தான். கல் தடுக்கினாலும் வாயில் வருவது மலாய்தான். முப்பது வருஷப் பழக்கம். சந்தையில் மீன்காரரோடு பேரம், கம்பம் என்கிற மலாய்க் கிராமத்து ஆட்களோடு வம்பு, மழை பெய்கிற நாளில் டீக்கடை அரட்டை எல்லாமே அந்த மொழியில் நடந்திருக்கிறது.

அப்படிப்பட்டவர் அந்த மொழி வராததால்தான் திரும்பி வந்தார்.

அந்தக் கதையை ஒரே நாளில் அவர் சொல்லவில்லை. துண்டு துண்டாகச் சொன்னார். அந்த நாடு சுதந்திரம் வாங்கிய பிறகு மலாய் தேசிய மொழி ஆனது. குடியுரிமை வேண்டுமென்றால் அந்த மொழி தெரிந்திருக்க வேண்டும். மனுப் போட்டவர்களை ஆபீசுக்குக் கூப்பிட்டு நாலு கேள்வி கேட்பார்கள். ஆரம்பத்தில் சிலருக்கு அந்தக் கேள்விகூட இல்லை என்று விட்டார்களாம். அப்போது இவர் மனுப் போடவில்லை. குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தரும் சிவப்புக் கார்டு இருக்கிறது, வேலை இருக்கிறது, இதற்குமேல் என்ன என்று இருந்துவிட்டார். பிறகு, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்று சட்டம் வந்தது. அப்போதுதான் குடியுரிமைக்கு ஓடினார்.

"ஆபீசர் நல்ல மனுசன் சார். சிரிச்ச மூஞ்சி. 'அப்பா கெர்ஜா?'ன்னு கேட்டாரு. அங்க அப்பான்னா 'என்ன'ன்னு அர்த்தம். என்ன வேலை செய்யறேன்னு கேக்கறாரு. 'பொத்தோங் கெத்தா'ன்னு சொல்லணும். பால் வெட்றேன்னு. ரெண்டே வார்த்தை. நான் தெனம் நூறு தடவை சொன்ன வார்த்தை."

"சொல்லலையா?"

"வரலீங்க. அவரு மேசைக்கு அந்தாண்ட. பின்னால சொவத்துல ராஜா படம். தண்ணி குடுத்தாரு. குடிச்சேன். அப்பறமும் வரல. ஆறு மாசம் கழிச்சு இன்னொரு தடவை கூப்புட்டாங்க. அப்பவும் அப்பிடியேதான்."

குடியுரிமை கிடைக்கவில்லை, பெர்மிட்டும் கிடைக்கவில்லை. தோட்டத்தில் வேலை போனது. மனைவி அங்கே பிறந்தவள், பிள்ளைகளும் அப்படியே. அவர்களுக்குச் சிக்கல் இல்லை. இவர் மட்டும் மறுபடி மனுப் போட்டுவிட்டுக் கிளம்பி வந்து, பதில் வந்ததும் ஆறு மாதத்தில் திரும்பிவிடுவது என்று ஏற்பாடு. அங்கே ஒரு மனு எழுதுகிறவர் பதில் வருவதற்கு இந்த ஊர் விலாசத்தைப் போட்டு அனுப்பியிருந்தார்.

பதில் வர ஒன்றரை வருஷம் ஆனது. பழுப்பு உறை, அந்த நாட்டு அரசாங்க முத்திரை. நானே எடுத்துக்கொண்டு மண்டிக்குப் போனேன். அவர் உறையைக் கிழிக்காமல் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

"நீங்க பிரிங்க சார்."

பிரித்தேன். ஒரே ஒரு பக்கம். இங்கிலீஷ் எழுத்து, ஆனால் இங்கிலீஷ் இல்லை. "முன்னல்லாம் இங்கிலீசுலயும் வருங்க. இப்ப அவங்க மொழில மட்டுந்தான்" என்றார். அவருக்குத் தமிழ் எழுத்து தெரியும், இங்கிலீஷ் எழுத்து தெரியாது. எனக்கு எழுத்து தெரியும், மொழி தெரியாது. புளி மூட்டைமேல் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். நான் எழுத்துக் கூட்டி வாசிக்க, அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

நான் வாசித்ததில் முக்கால்வாசி அவருக்குப் பிடிபடவில்லை. "இது ஆபீஸ் மலாய் சார். இந்த வார்த்தையெல்லாம் நாங்க பேசறதில்ல" என்று தலையை ஆட்டினார். நடுவில் ஒரு வார்த்தை வந்தது. நான் 'டுகாசிட்டா' என்று வாசித்தேன். அவர் அதை நாக்கில் போட்டுப் பார்த்து, "டு இல்லீங்க, து. துக்காச்சித்தாவா இருக்கும். என்னமோ தெரியல" என்றார்.

அவர் சொன்னபோதுதான் எனக்குச் சுரீர் என்றது. துக்க சித்தம். மனவருத்தம். மலாய் தெரியாத எனக்கு அது புரிந்தது, தெரிந்த அவருக்குப் புரியவில்லை. நான் அடுத்த வரிக்குப் போனேன். அதன் கடைசியில் 'டிதோலாக்' என்று இருந்தது.

அவர் கண்ணைத் திறந்தார். "தோலாக்னா தள்றது சார். வண்டி நின்னு போச்சுன்னா தோலாக், தோலாக்னு சொல்லித்தான் தள்ளுவோம்."

எங்கள் ஊர்த் தாலுகா ஆபீசிலும் மனுவைத் தள்ளுபடி என்றுதானே எழுதுகிறார்கள். இரண்டு பேருடைய அரைகுறையையும் சேர்த்தால் கடிதம் முழுசாகிவிட்டது. வருத்தத்தோடு தள்ளிவிட்டார்கள்.

"மடிச்சுக் குடுங்க சார்" என்றார். வாங்கிச் சட்டைப்பையில் ஜெபமாலையோடு வைத்துக்கொண்டு மூட்டை தூக்கப் போனார். அன்று அவர் எண்ணுகிற சத்தம் கேட்கவில்லை என்று மண்டிக்காரர் பிறகு சொன்னார்.

எனக்கு மலேயாக்காரர்மேல் கோபம் வந்ததும் உண்டு. தபால் ஆபீசுக்கு வரும் தமிழ் வாத்தியார் ஒருவர் இந்தி எதிர்ப்பில் ஜெயிலுக்குப் போய் வந்தவர். மணியார்டர் பாரத்தில் இந்தி இருப்பதைக் கண்டாலே கொதிப்பவர். அவரிடம் ஒருநாள் மலேயாக்காரரின் கதையைச் சொன்னேன். அவர் நேரே மலேயாக்காரர் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்குப் போய்விட்டார்.

"முப்பது வருசம் பால் வெட்டிப் போட்டவனை, மொழி வல்லேன்னு தொரத்தறதா? இங்க இந்தின்னா அங்க மலாய். எல்லாம் ஒண்ணுதாங்க" என்றார்.

மலேயாக்காரர் பணிவாக எழுந்து நின்றார். "அப்பிடி இல்லீங்க. அவங்க ஊரு. அவங்க மொழிய அவங்க நிமுத்தி வெக்கறாங்க. வெள்ளக்காரன் இருந்தப்ப ஆபீசுல மலாய்க்காரனே இங்கிலீசுக்கு முழிச்சிட்டு நின்னதப் பாத்திருக்கறேன். நாலு வார்த்தை பேசுன்னு கேட்டது தப்பாங்க? பேசாதது நாந்தானே."

வாத்தியார் என்னைப் பார்த்தார். "இவருக்குச் சூடு சொரணையே இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்த மொழியை அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை. அந்த நாட்டையும் சொன்னதில்லை. திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அந்த வாரமே மனைவிக்குக் கடிதம் எழுதினார். என்ன எழுதினார் என்று அவரே சொன்னார். சின்னவனைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் போடாதே, மலாய்ப் பள்ளிக்கூடத்தில் போடு. அவனாவது எந்த மேசைக்கு முன்னாலயும் வாயடைச்சு நிக்கக் கூடாது. மனைவி அப்படியே செய்தாள்.

அவர் மறுபடி மனுப் போடத் தயாரானார். அதற்காக ஓர் ஏற்பாடு செய்தோம். சாயங்காலம் கவுண்டர் மூடிய பிறகு நான் உள்ளே என் நாற்காலியில் உட்காருவேன். அவர் முன்னால் நிற்பார். கேள்விகளை அவரே சொல்ல, தமிழ் எழுத்தில் நான் எழுதி வைத்திருந்தேன். அதைப் பார்த்து நான் கேட்பேன். அர்த்தம் தெரியாமல் கேட்கிற ஆபீசர் நான். பதில் தெரிந்தும் சொல்லாத ஆள் அவர். ஒருநாள் ரிஜிஸ்டரைத் தேடி நான் முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்தபடி கேட்டபோது ஐந்து கேள்விக்கும் கடகடவென்று பதில் சொன்னார். நான் திரும்பினேன். நின்றுவிட்டது. அவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை.

இப்படியே வருஷங்கள் போயின. இங்கிருந்து போட்ட மனுவுக்குப் பதிலே இல்லை. பெண் தமிழில் கடிதம் எழுதினாள். மலாய்ப் பள்ளிக்குப் போன சின்னவனுக்குத் தமிழ் எழுத வரவில்லை. அவன் மலாயில் எழுதி அக்காவின் கடிதத்துக்குள் வைத்து அனுப்புவான். அதை நான் வாசிப்பேன், இவர் கேட்பார். பாதி புரியாது. புரியாத இடத்தில் "நல்லாப் படிக்கறான் போல" என்பார்.

எழுபத்தேழு வாக்கில் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஒரு மாதம் போய் வர விசா வாங்க வேண்டும். நான் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு அவரோடு மெட்ராஸ் போனேன். அந்த நாட்டு அலுவலகத்தில் கூட்டமில்லை. மேசைக்குப் பின்னால் ஒரு மலாய் அதிகாரி, பக்கத்தில் தமிழ் தெரிந்த குமாஸ்தா. பெண்ணும் மாப்பிள்ளையும் அனுப்பியிருந்த காகிதங்கள் எல்லாம் சரியாக இருந்தன.

"எதுக்குப் போறீங்க, எவ்வளவு நாள்னு சொல்லுங்க. தமிழ்லயே சொல்லுங்க, நான் சாருக்குச் சொல்லிடறேன்" என்றார் குமாஸ்தா.

மலேயாக்காரர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். பிறகு அந்த அதிகாரியை நேராகப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. அங்கே யாரும் அவருக்குப் பரீட்சை வைக்கவில்லை. அவராகத்தான் எழுதப் போகிறார். என் பெண் கல்யாணம், ஒரு மாதம் என்று மலாயில் சொல்லத் தொடங்கி வாயைத் திறந்தார். மணிகள் உரசின. சுவரில் கடிகாரம் ஓடியது. ஒரு நிமிஷம் இருக்கும். அந்த அறையில் அது ரொம்ப நீளம்.

"அண்ணா, தமிழ்ல சொல்லுங்கண்ணா" என்றேன் காதருகில்.

தலையை ஆட்டினார். மறுபடி அதிகாரியைத்தான் பார்த்தார். நானே அந்த வார்த்தைகளைச் சொல்லிவிடலாமா என்று தவித்தேன். அத்தனை வருஷம் வாசித்தும் கல்யாணத்துக்கு மலாயில் என்ன என்று எனக்குத் தெரியவில்லை. அதிகாரி ஏதோ சொன்னார். சாப்பிட்டுவிட்டு மத்தியானம் வாருங்கள் என்று குமாஸ்தா மொழிபெயர்த்தார்.

நான் இரண்டு பன் வாங்கிக்கொண்டு திரும்பியபோது அலுவலகத்துக்கு வெளியே அவர் நின்றிருந்தார். அங்கே வேலைக்கு வந்திருந்த ஒரு மலாய்க்காரர் காரில் சாய்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். இவர் அவரோடு பேசிக்கொண்டிருந்தார். பேச்சு என்றால் அப்படி ஒரு பேச்சு. கையை ஆட்டி, குரலை ஏற்றி இறக்கி, யாரையோ போல நடித்துக் காட்டி. அந்த மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இவருடைய தோளில் தட்டினார். ஏழு வருஷமாகப் பழகிய எனக்கு அந்த ஆளைத் தெரியவே தெரியாது. இருபது வயது குறைந்தவர் போல இருந்தார். நான் பன்னை வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கமே நின்றேன். கிட்டே போனால் நின்றுவிடுமோ என்று பயமாக இருந்தது.

மத்தியானம் உள்ளே போனோம். மறுபடி அதே மேசை, அதே மௌனம். அதிகாரி கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் காகிதங்களை இழுத்து, எதுவும் கேட்காமல் முத்திரை குத்தினார். பாஸ்போர்ட்டை நீட்டும்போது மெதுவாக இரண்டு வார்த்தை சொன்னார். வெளியே வந்து அது என்ன என்று கேட்டேன்.

"நல்லபடியாப் போய்ட்டு வான்னாரு" என்றார்.

போனார். விசா முடிவதற்கு இரண்டு நாள் முன்னாலேயே ஊர் வந்து சேர்ந்தார். இருந்துவிடுங்கள், யார் வந்து தேடப் போகிறார்கள் என்று பெண் அழுதாளாம். போட்ட கையெழுத்து போட்டதுதான் என்று வந்துவிட்டார். கல்யாணம் நன்றாக நடந்தது என்றார். ஒரு டின் பிஸ்கட்டும் ஒரு பேனாவும் எனக்குக் கொடுத்தார். அதற்குப் பிறகு மண்டியில் அவர் தமிழில் எண்ண ஆரம்பித்திருப்பதை மற்றவர்கள் சொல்லித்தான் கவனித்தேன். அவர்கள் மட்டும் சாத்து, துவா என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

ரொம்ப நாள் கேட்காமல் இருந்து, மலாயில் எண்ணுவதை ஏன் விட்டுவிட்டார் என்று ஒருநாள் பெஞ்சில் வைத்துக் கேட்டேன்.

"கல்யாணத்துக்குச் சின்னவனோட வாத்தியாரு வந்திருந்தாரு சார். மலாய்க்காரரு. நான் அவரு பக்கத்துல உக்காந்து பேசுனேன். நல்லா சிரிச்சுப் பேசுனாரு. அவரு போனப்பறம் பையன் வந்தான். பதினோரு வயசு. அப்பா, இனிமே எங்க வாத்தியாருகிட்ட அப்பிடிப் பேசாதீங்க, அது கடைத்தெரு மலாய், எனக்கு வெக்கமா இருக்குதுன்னான்."

"சின்னப் பையன். என்ன தெரியும் அவனுக்கு?"

"அவனுக்குத்தான் சார் தெரியும். படிக்கறானில்ல. நான் முப்பது வருசமாப் பேசுனது கடைத்தெருவோட நிக்கற பேச்சு. ஆபீசுக்குள்ள வராத பேச்சு. அது எனக்கு உள்ளுக்குள்ள தெரிஞ்சுதான் பேச்சு வல்லியோ என்னமோ." கொஞ்சம் பொறுத்து, "நாந்தான அந்த ஸ்கூல்ல போடச் சொன்னேன்" என்றார்.

ஆறுதல் சொல்லக்கூட ஒரு மொழி வேண்டியிருந்தது.

அடுத்த வருஷம் அவருடைய அண்ணன் மகன்கள் பாகம் பிரித்துக்கொண்டார்கள். சித்தப்பா தனியாக ரேஷன் கார்டு எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதுவரை அவர் எடுக்கவில்லை. எதற்கு, போகப் போகிற ஆள்தானே என்று இருந்திருக்கிறார். ஒரு காலையில் பாரத்தை எடுத்துக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். அரூர் தாலுகா ஆபீசில் கொடுக்க வேண்டும், நிரப்பித் தாருங்கள் என்றார். நான் பேனாவோடு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பெயர், தகப்பனார் பெயர், விலாசம், தொழில். கூலி என்று போடச் சொன்னார். அடுத்தது குடும்பத்தில் உள்ளவர்கள் எண்ணிக்கை. நான் பேனாவை நிறுத்தினேன்.

"ஒரு ஆளுன்னு போடுங்க சார்."

"அண்ணா, அண்ணியும் புள்ளைங்களும் இருக்காங்களே. அங்க இருந்தாலும்..."

"அவங்களுக்கு அங்க அரிசி கெடைக்குதுங்க."

ஒன்று என்று போட்டேன். எண்ணாலும் எழுத்தாலும் எழுத வேண்டும் என்று பாரத்தில் இருந்தது. எழுத்தாலும் எழுதினேன். அவர் வாங்கி, மை காயட்டும் என்று முழங்கால்மேல் விரித்து வைத்துக்கொண்டார். அரூர் பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது. கவுண்டரில் ஆட்கள் சேர்ந்துவிட்டதால் நான் எழுந்து மேசைக்கு அந்தாண்ட போய் உட்கார வேண்டியிருந்தது.